ஆளில்லாத இருக்கையின் மணி

ஃபிராங்க்பர்ட் போகும் விமானத்தில் எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்த இருக்கை காலி. ஆனாலும் அதன் கைப்பிடியிலிருந்து யாரோ பணிப்பெண்ணை அழைத்துக்கொண்டே இருந்தார்கள். மேலே விளக்கு எரிந்தது, மணி அடித்தது.

"மறுபடியும் அழுத்துனீங்களா?" என்றார் பணிப்பெண், ஐந்தாவது முறையாக.

"எங்க கை மடியிலதாங்க இருக்கு," என்றார் என்னுடன் வந்த எலக்ட்ரீஷியன் வெங்கடப்பன். இறங்கியதும் எங்கள் ஓசூர் தொழிற்சாலைக்கு வாங்கும் இயந்திரத்தை நாங்கள் சோதிக்க வேண்டும். தூங்காத கண்ணுக்குப் பழுது தெரியாது.

பொத்தான் மின்சுற்றை இணைக்கிறது, விளக்கு எரிகிறது. மின்சாரத்தை நிறுத்தினால் அணைந்தாக வேண்டும். விமானப் பணியாளர்கள் அந்த வரிசைக்கே மின்சாரத்தை நிறுத்தினார்கள். எங்கள் விளக்குகள் அணைந்தன. காலி இருக்கையின் விளக்கு மட்டும் எரிந்தது.

"என்ன ரோதனை மேடம் இது? யாரோ உள்ள வேலை பாக்கற மாதிரியே இருக்குது," என்றார் வெங்கடப்பன் என்னிடம்.

எங்கள் தொழிற்சாலையில் பழுது பார்ப்பவர் தன் பெயரெழுதிய சிவப்பு அட்டையை சுவிட்சில் மாட்டுவார். அவரே எடுக்கும்வரை வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. வெங்கடப்பன் பையிலிருந்த அட்டையில் தன் பெயரை எழுதிக் கைப்பிடியில் மாட்டினார். மணி அடித்தது. இன்னொன்றில் என் பெயரை எழுதினோம். அடித்தது.

"வேலை பாக்கறவங்க பேரைத்தானே எழுதணும்?" என்றேன்.

பெயரில்லாத அட்டையையும் மூடி கழற்றிய பேனாவையும் அந்த இருக்கையில் வைத்தோம். விளக்கு அணைந்தது. தூங்கினோம். விழித்தபோது பேனாவுக்கு யாரோ மூடி போட்டிருந்தார்கள்.

திரும்பி வந்த விமானத்திலும் எங்களுக்கு நடுவிலிருந்த காலி இருக்கையின் மணி அடித்தது. இம்முறை நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. வெற்று அட்டை, மூடி கழற்றிய பேனா. அவ்வளவு போதும்.