முன் சக்கரத்துக்கு டிஸ்க்

"உங்க வீட்டுக்காரர் இன்ஜின் சர்வீஸுக்குத்தானே சைக்கிளை விட்டுட்டுப் போனாரு? பிரேக்கைப் பத்தி ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றார் மெக்கானிக் ஏழுமலை.

"நான் சொல்றேன். முன்னாடி டிஸ்க் பிரேக் போடுங்கண்ணே" என்றாள் பூர்ணிமா.

சின்ன இன்ஜின் பொருத்திய அந்தச் சைக்கிளை அவர் குனிந்து பார்த்தார். "சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற இந்த ஃபோர்க்குல டிஸ்க் உட்காராது. ஃபோர்க், ஹப்பு எல்லாமே மாத்தணும்."

"மாத்துங்க. பிடிச்சா உடனே நிக்கணும். நெல்லித்தோப்பு சிக்னல்ல அவரு பிரேக் பிடிச்சும் வண்டி பஸ்ஸை ஒட்டி இழுத்துக்கிட்டுப் போய் நின்னதை நானே பார்த்தேன். முன்னாடி பாப்பா வேற உட்கார்ந்திருந்தா."

"அடக் கடவுளே! அப்போ கேபிள் டிஸ்க்கே போட்டுடறேன். ஆயில் டிஸ்க் ரிப்பேரானா மெட்ராஸுக்குத்தான் தூக்கிட்டு ஓடணும்."

மறுநாள் மாலை வேலை முடிந்திருந்தது. பூர்ணிமா சக்கரத்தைச் சுழற்றிவிட்டு லீவரைப் பிடித்தாள். சட்டென்று நின்றது. நம்பாதவள் போல மறுபடியும் சுழற்றிப் பிடித்தாள்.

"பாப்பாவைக் கூட்டிட்டு வாங்கம்மா. உட்கார வச்சு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துடலாம்."

"அவ வீராம்பட்டினத்துல அவங்க அம்மாகூட இருக்காண்ணே."

"அப்போ உங்க பொண்ணு இல்லியா?"

"எனக்குக் குழந்தை இல்ல. அன்னிக்குத்தான் அவளை முதல்முறையா பார்த்தேன். முகம் அப்படியே எங்க வீட்டுக்காரர்."

ஏழுமலை ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. கேட்டா, மழைக்காலம் வருதுன்னு போடச் சொன்னதா மட்டும் சொல்லுங்க."