பூங்காவைத் திறந்து வைத்தவர்

பூங்கா வேலை முடிந்து மூன்று மாதமாகியும் சறுக்குமரத்தில் ஒரு பிள்ளைகூடச் சறுக்கவில்லை. ஏணிப்படியில் சிலந்தி மட்டும் வலை பின்னிக் குடும்பம் நடத்தியது. வாசலுக்குக் குறுக்கே ரோஸ் கலர் ரிப்பன் கட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில், திரை போட்டு மூடிய திறப்பு விழாக் கல்வெட்டு நின்று அதிகாரம் பண்ணியது.

"தலைவர் வந்து ரிப்பன் வெட்டாம யாரும் உள்ள வரக் கூடாது. அதுவரைக்கும் இங்க எல்லாம் என் பொறுப்பு."

"எப்ப ஐயா வருவார்?" என்று கேட்டது சறுக்குமரம்.

"தேதி கிடைக்கணும்ல!"

சாயங்காலமானால் பிள்ளைகள் ரிப்பனுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். சறுக்குமரத்துக்கு அழுகையே வந்துவிடும்.

ஒருநாள் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே ஒரு வெள்ளாடு புகுந்து வந்தது. ரிப்பனை முகர்ந்து பார்த்து, "இது யாருக்கு?" என்றது.

"தலைவருக்கு," என்ற சறுக்குமரம், கல்வெட்டுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டது. "ஆனா ரொம்ப நாளா சும்மாதான் கிடக்கு."

ஆடு நிதானமாக மென்று விழுங்கியது. அவ்வளவுதான், பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே ஓடிவந்தார்கள். ஒருவர் மேல் ஒருவராக வந்து சறுக்க, சறுக்குமரம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

திரைக்குள்ளிருந்து கல்வெட்டு பதறியது. "என்ன சத்தம்? தலைவர் வந்துட்டாரா?"

"வந்துட்டார் ஐயா. ரிப்பனும் ஆச்சு."

"பேசினாரா?"

"'மே'ன்னு ஒரே வார்த்தைதான் பேசினார். கைதட்டல் இன்னும் நிக்கலை!"