தாய் வீட்டு வெண்கலத் தட்டு

"இலையப் போட்டா யாரோ எவரோன்னு ஆவும். தட்டுல போட்டாத்தான் நம்ம வூட்டு மனுசன்" என்றாள் ருக்மணி.

"கல்யாணத்துக்கே இலைதாண்டி போடறோம். அதுல இன்னா கொறைச்சல்?" என்றான் கோவர்த்தனன்.

"கல்யாணத்துக்கு ஊரே வருது. துன்னுட்டுத் தூக்கிப் போட்டுடறோம். இவரு ஒத்த ஆளு. மனசுல நிக்க வாணாமா?"

ஆந்திரா தனியாகப் பிரிந்ததிலிருந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு இருக்குமா, போய்விடுமா என்று பேச்சு. அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போகச் சித்தூரிலிருந்து ஆபீசர் பாலையா வந்திருந்தார். மகள் மனோரமாவுக்கு அடுத்த வருஷம் பள்ளிக்கூடம். ஆபீசருக்குப் பகல் சாப்பாடு தன் வீட்டில்தான் என்று கோவர்த்தனன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான்.

தட்டு என்று முடிவானதும் எந்தத் தட்டு என்ற சண்டை வந்தது. தினம் சாப்பிடும் அலுமினியத் தட்டுகள் நசுங்கிக் கிடந்தன. நகரிச் சந்தையில் வாங்கிய பூப்போட்ட பீங்கான் தட்டில் ஓரம் போயிருந்தது. கடைசியில் ருக்மணி டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழம்புடவையில் சுற்றி வைத்திருந்த வெண்கலத் தட்டை எடுத்தாள். தாய் வீட்டுச் சீர். அவள் பேர் வெட்டியது. கோவர்த்தனனே அதில் ஒரு நாள் சாப்பிட்டதில்லை.

"எனக்கு ஒரு நாள் குடுத்தியா இத்த?"

"நீ ஆபீசரா?" என்று சொல்லிவிட்டுப் புளி போட்டுத் தேய்க்கப் போனாள்.

பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டுப் பாலையா வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை. நல்ல மனிதராகத்தான் பேசினார். ஆனால் கூடத்தில் விரித்த பாய்க்கு வரவில்லை.

"உள்ள புழுக்கம்மா. இப்படி வாசப் பந்தலடியிலயே உக்காந்துக்கறேன். பர்வாலேது, எனக்கு இதுவே போதும்."

ருக்மணிக்குச் சுருக்கென்றது. வீட்டை மெழுகிக் கோலம் போட்டதெல்லாம் எதற்கு?

"ஒரு இலை இருந்தா போதும்மா" என்றார்.

"இலையா? எங்க வூட்டுல தட்டு இல்லியா சார்?" என்று வெண்கலத் தட்டைக் கொண்டுவந்தாள்.

அவர் அதைப் பார்த்தார். வெட்டியிருந்த பேரைக்கூடப் படித்தார். பிறகு துணிப்பையைத் திறந்து, தன் அலுமினியத் தட்டு ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"இதுல போடும்மா. எனக்குப் பழக்கம்."

ருக்மணி அதிலேயே பரிமாறினாள். அடுப்படிக்கு வந்ததும் அழுகை வந்துவிட்டது.

"பெரிய ஜாதியா இருப்பாரு. நாம தொட்டுக் கழுவின தட்டு ஆவாது போலருக்கு" என்றாள்.

"அப்போ சோறு மட்டும் ஆவுதா?" என்றான் கோவர்த்தனன். அவனுக்கும் முகம் தொங்கிப்போயிருந்தது. தெருவில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று இருவருக்கும் வெட்கமாக இருந்தது. தமிழ் வகுப்பும் போச்சு என்று வைத்துக்கொண்டார்கள்.

பாலையா சாப்பிட்டு முடித்துத் தன் தட்டைத் தானே கழுவினார். கோவர்த்தனன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"கிளாஸ் விசயம் இன்னா சார் ஆச்சு?"

"இருக்கும்பா. வேணும்னு எழுதிட்டேன். உங்க பொண்ணு தமிழ்லயே படிக்கட்டும்."

ருக்மணிக்கு வருத்தமெல்லாம் பறந்துவிட்டது. உள்ளே ஓடி, வெண்கலத் தட்டில் இரண்டு போளியை வைத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இவ்ளோ நல்லது பண்ணீங்க. இத்தயாச்சும் எங்க தட்டுல எடுத்துத் துன்னணும் சார். இல்லன்னா எங்களைத் தள்ளி வெச்சாப்பல ஆயிடும்."

"தள்ளி வெக்கறதா? நானா?" பாலையா சிரித்தார். கழுவிய தட்டை வேட்டி முனையில் துடைத்தார்.

"போன மாசம் பலமனேர்ல ஒரு வீட்டுல இப்படித்தாம்மா, தட்டுலதான் துன்னணும்னு ஆசையா போட்டாங்க. துன்னு முடிச்சப்புறம்தான் நான் சேரியில பொறந்தவன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுது. அந்தம்மா அழுதுகினே தட்டைக் கொண்டுபோய் எருக்குழியில போட்டாங்க. அதுவும் தாய் வீட்டுச் சீருதானாம், பாவம். அதுலேர்ந்து நானே ஒண்ணு கொண்டாந்துடறேன்."

அதெல்லாம் நாங்க பார்க்கமாட்டோம் சார் என்று சொல்ல ருக்மணிக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நீட்டியிருந்த தட்டு, இரண்டு போளியோடும், எப்போது தன் மார்போடு வந்து சேர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

பாலையா அதைப் பார்க்காதவர்போலத் தன் தட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.