கிளப்பி விட்டவன்

"உயிர் தந்த மனிசனிலேயே கேஸ் போட்டிருக்கிறானே, இவனுக்குத் தின்கிற சோறு செமிக்குமோ?"

நாகேஸ்வரி சொன்னது புதுக்கடைக் கோர்ட்டு விறாந்தை முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

எதிர் வாங்குப் பலகையில் இருந்த பலீல் தலை நிமிரவில்லை. அவருடைய ஒரு கை வயிற்றின் மேல் கிடந்தது. சில காலமாக அந்தக் கைக்கு அதுதான் இடம்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கொட்டாஞ்சேனையில் டொக்டர் நாகேந்திரம்தான் அவருக்கு வயிற்றில் ஒப்பரேசன் செய்தார். கூலிக்காரன் என்று பணமும் வாங்கவில்லை. ஆனால் தைத்து மூடும்போது, இரத்தம் துடைத்த துணி ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது. சீழ் பிடித்து, திரும்பவும் வயிற்றைக் கிழித்து அதை எடுத்தபோது ஆள் பாதியாகிவிட்டார். இனி ஒரு வாளித் தண்ணீர் தூக்குவதே பெரிய காரியம்.

அதற்குத்தான் நஷ்டஈடு கேட்டு வழக்கு.

"தம்பி, உம்மைத்தான் கேக்கிறன். என்ர மனிசனுக்கு மூச்சு முட்டின நேரம், அடைமழைக்குள்ள செருப்புமில்லாமல் ஓடி வந்தவர் அந்த டொக்டர். எங்கட வெள்ளவத்தையில அவர் குடியிருக்கிற தெருவில எந்த வீட்டுக் கதவையும் தட்டிக் கேளும். அவரில ஒரு குறை சொல்ல ஆள் இருக்கோ?"

"இல்லம்மா."

"பிறகென்ன கண்டறியாத கேஸ்?"

பலீலின் பக்கத்தில் இருந்த மனைவி ஹபீலா வாயைத் திறந்தாள்.

"ஹபீலா! வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார் பலீல்.

அவள் முக்காட்டை இழுத்துவிட்டு, வந்த சொல்லை விழுங்கிக்கொண்டாள்.

"பாத்தியளோ, கதைக்கிறதுக்கும் பிரக்டர் வக்கீலிட்ட உத்தரவு வேணும்போல!"

டொக்டருக்காக வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் கொட்டாஞ்சேனை யோசெப்பின், அந்தோனியார் கோயிலில் டொக்டர் பேருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு நேரே இங்கே வந்தவள்.

"மூட்டை தூக்குறவனுக்குச் சட்டம் எங்கால தெரியும்?" என்றாள் யோசெப்பின். "ஆரோ பின்னால நிண்டு கிளப்பி விட்டிருக்கிறான்."

"ஓம். டொக்டர் நல்லாயிருக்கிறதைப் பாத்து வயிறெரிஞ்ச ஆரோ ஒருத்தன்" என்றாள் நாகேஸ்வரி.

வழக்கைக் கூப்பிட்டார்கள்.

டொக்டருக்காக அட்வகேட் யாரும் எழும்பவில்லை. அவரே எழுந்து கூண்டில் ஏறி நின்றார். சுவரில், அந்த வருடம்தான் முடி சூடிய புது ராஜாவின் படம். அதன் கீழே வெள்ளைக்கார ஜட்ஜ். அவர் இங்கிலீஷில் கேட்க, எல்லோருக்கும் விளங்கும்படி கோர்ட்டு மொழிபெயர்ப்பாளரான முதலியார் தமிழில் சொன்னார்.

"இந்த ஆள் சொல்லுக் கேளாமல் பாரம் தூக்கி, காயத்தைத் தானே கெடுத்துக்கொண்டிருக்கலாம் அல்லவா?"

தப்பிப் போக ஜட்ஜே ஒரு கதவைத் திறந்துவிட்டது போலிருந்தது.

"இல்லை. நான் சொன்னபடி அசையாமல் கிடந்தவர்."

"துணிகளை எண்ணுவது தாதியின் வேலை அல்லவா?"

"எண்ணுவது அவவின் வேலை. மூடுமுன் பார்ப்பது என் வேலை. நான் பார்க்கவில்லை."

ஜட்ஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கொஞ்சநேரம் டொக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். பலீல் கேட்ட முழுத் தொகையையும் டொக்டர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு.

வெளியே வந்ததும் நாகேஸ்வரி வழியை மறித்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"இப்ப மனம் குளிர்ந்ததோ? அந்தத் தங்கமான மனிசனைக் கூண்டில ஏத்திப் பாத்தாச்சோ?"

"எனக்கு எவ்வளவும் ஏசுங்கம்மா" என்றார் பலீல்.

"உனக்கு ஏசி என்ன பிரயோசனம்? உன்னைக் கிளப்பி விட்டவன் இருக்கிறானே, அவன் நாசமாய்ப் போவான்! அவன்ர கை அழுகிப் போக!"

"அல்லாவே!" ஹபீலாவால் பொறுக்க முடியவில்லை. "அந்தக் கைக்கு ஏசாதீங்க!"

பலீல் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். கண் கலங்கியிருந்தது. "எனக்கு ஏசுங்கம்மா. அவருக்கு வாணாம்."

"ஆரின்ர கையை அக்கா அழுகச் சொல்லுறியள்?"

பின்னால் டொக்டர் நாகேந்திரம் நின்றார்.

"இந்த மனிசனை உங்களில கிளப்பி விட்டவன்ர கையை, டொக்டர்!"

டொக்டர் தன் வலது கையை விரித்து, ஒருதரம் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இந்தக் கையைத்தான்."

நாகேஸ்வரிக்கு விளங்கவில்லை.

"முகத்துவாரத்தில இவரின்ர வீட்டுக்குக் காசோட நான் நடந்த நடை கொஞ்சமில்லை, அக்கா. 'மன்னிச்சிட்டேன் டொக்டர், மன்னிச்சதுக்குச் சல்லி வாங்க ஏலாது' எண்டு ஒரே பிடி. இவர் மன்னிச்சது எனக்குப் போதும். இவரின்ர பிள்ளையளின்ர வயித்துக்குக் காணுமோ? அதுதான், கோர்ட்டு தீர்த்துத் தாற காசை மறுக்க ஏலாதுதானே, கேஸ் போடும் எண்டு நானே பிரக்டரைப் பிடிச்சுக் குடுத்தனான். முடியிற வரைக்கும் வாய் திறக்கிறதில்லை எண்டு சத்தியமும் வாங்கினனான்."

நாகேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டொக்டர் பலீலின் பக்கம் திரும்பினார்.

"ஜட்ஜ் ஐயாவே சொல்லிப்போட்டார், பலீல். இனியாவது வாங்குவீரோ?"