முகத்துக்கு இருபது மார்க்

வார்டுக்குள் வந்த பெண் கையைச் சுத்தம் செய்தாளா என்றுதான் டீச்சர் முதலில் பார்த்தாள்.

செய்தாள். மருந்தை விரலிடுக்கு வரை தேய்த்துக்கொண்டே கட்டிலருகே வந்தாள்.

படுத்திருந்த டீச்சரின் மணிக்கட்டுப் பட்டையில் இருந்த பெயரைப் படித்தாள். படித்ததோடு விடாமல், "உங்க பேரு சொல்லுங்க மேடம்" என்று வாயாலும் கேட்டாள். வருடக்கணக்கில் தன் வகுப்பில் உட்கார்ந்த பெண் தன்னிடமே பெயரைக் கேட்டதில் டீச்சருக்குக் கோபமில்லை. கேட்காமல் விட்டிருந்தால்தான் கோபம் வந்திருக்கும்.

நர்சிங் கல்லூரியிலேயே தலை நரைத்தவள் டீச்சர். படித்து முடித்து வெளியே போகிறவளுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஊசி, கட்டு, மருந்தின் அளவு எல்லாம் கைப்பழக்கம், தானாக வந்துவிடும் என்பாள். முகம்தான் கஷ்டம். டாக்டர் வாய் திறப்பதற்குள் நர்ஸ் ரிப்போர்ட்டைப் பார்த்திருப்பாள். அது நோயாளிக்கும் தெரியும். அதனால் நர்ஸின் முகத்தைத்தான் துழாவுவார். அங்கே ஒன்றும் அகப்படக் கூடாது. நல்லதோ கெட்டதோ, எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே பதில். டாக்டர் வந்து சொல்லுவாங்க, அவ்வளவுதான்.

பிராக்டிகல் தேர்வில் முகத்துக்கென்றே இருபது மார்க் ஒதுக்கியிருந்தாள். பிள்ளைகள் அவளுக்குக் 'கல்லு மேடம்' என்று பேர் வைத்தார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

இந்தப் பெண் கோட்டை விட்டதும் அந்த இருபதில்தான். தேர்வு நாளில் ஒரு கிழவர், என்னை எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று கேட்டார். அதற்கு இவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். கிழவர்தான் இவளைத் தேற்ற வேண்டியிருந்தது. டீச்சர் தயவுதாட்சண்யம் பார்க்காமல் பூஜ்யம் போட்டாள். கூடப் படித்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போய்விட, பெண் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து, மறுபடி தேர்வெழுதித்தான் தேறினாள்.

இப்போது டீச்சருக்கே மார்பில் கட்டி. ஒரு துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். இன்று ரிசல்ட். தங்கையிடம் சும்மா செக்கப் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அந்தப் பொய்யையும் முகம் மாறாமல்தான் சொன்னாள்.

காலையிலிருந்து வந்துபோன நர்ஸுகள் எல்லோரும் சுவர் மாதிரி இருந்தார்கள். பாதிப்பேர் அவளே எழுப்பிய சுவர்கள். தெரியாமல் கிடப்பது அவளைத் தின்றுகொண்டிருந்தது. ஷிப்ட் மாறி இந்தப் பெண் உள்ளே நுழைந்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. இந்த முகத்தில் எதுவும் தங்காது. கேட்டால் போதும், கொட்டிவிடும்.

பெண் பி.பி. பார்த்து முடித்துப் பட்டையைச் சுருட்டினாள்.

"ரிசல்ட் வந்துடுச்சாம்மா?"

கேட்ட குரல் டீச்சருக்கே பிடிக்கவில்லை. கெஞ்சுகிற குரலாக இருந்தது.

பெண் நிமிர்ந்து அவள் கண்ணை நேராகப் பார்த்தாள். இமை துடிக்கவில்லை. உதடு கோணவில்லை. பதிலில் அவசரமும் இல்லை, இழுப்பும் இல்லை.

"டாக்டர் வந்து சொல்லுவாங்க மேடம். குடிக்கத் தண்ணி ஏதாவது வேணுமா?"

இருபதுக்கு இருபது.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளிடமிருந்து ஒரு வருடத்தைப் பிடுங்கித்தான் அந்த அழுகையை நிறுத்தினாள். இன்று அதில் ஒரு சொட்டு கிடைத்தால்கூடத் தேவலை என்றிருந்தது. யாரைக் குறை சொல்ல முடியும்? தண்ணீர் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பெண் நடுவில் இருந்த திரையை இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

டீச்சர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். ரிசல்ட் நல்லதாக இருந்தாலும் இதே பதில்தானே? அப்படித்தானே சொல்லிக்கொடுத்தது? பெண் பாடத்தை மறக்கவில்லை, அவ்வளவுதான். அந்த முகத்தில் நல்லது தெரியவில்லை என்பதற்காகக் கெட்டது என்று ஆகிவிடாது. நினைக்க நினைக்க நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. தண்ணீர் கேட்டிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

அடுத்த கட்டிலில் இருந்தவள் ஒரு தையல்காரி. அவளுக்கும் கட்டிதான். அவளுக்கும் துண்டு எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"சிஸ்டர், என்னோட ரிசல்ட் வந்துடுச்சா?"

திரைக்கு அந்தப் பக்கம் பெண்ணின் குரல் துள்ளியது.

"வந்துடுச்சுக்கா! வெறும் கொழுப்புக் கட்டிதான். ஒண்ணும் பயமில்ல. சீக்கிரமே வீட்டுக்குப் போயிடலாம், சந்தோஷமா?"

தையல்காரி சிரித்தாள், அழுதாள், நர்ஸை நூறு வருஷம் நல்லா இருக்கச் சொன்னாள். பெண்ணும் கூடச் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

பாதிச் சிரிப்பில் அவள் குரல் மட்டும் நின்றுபோனது.

செருப்புச் சத்தம் மெதுவாக இந்தப் பக்கம் வந்தது. திரை வளையங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். பெண் கட்டிலருகே வந்து நிற்பது தெரிந்தது. இனி அவள் போர்வை ஏறி இறங்குவதைத்தான் கவனிப்பாள். விழித்திருப்பவர்களின் மூச்சு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

டீச்சர் வாயை லேசாகத் திறந்து, அடித்துப் போட்டது போல் தூங்குகிறவளின் மூச்சைச் சீராக விட ஆரம்பித்தாள்.