பச்சைப் பட்டன்

செல்போன் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பதுதான் பத்து வருடமாக ரூபனின் பிழைப்பு. திரையை முதலில் தாளில் வரைந்து, யாரையாவது கூப்பிட்டு விரலால் அமுக்கச் சொல்லி, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது அந்தத் தொழிலின் வழக்கம். வீட்டில் அவனுக்கு அப்படி அமுக்கிக் காட்டுகிறவள் ஏழு வயது மகள் ஷெரின். அன்று காலை அவன் லேப்டாப் பையைத் தோளில் மாட்டியபோது, அவளே ஒரு தாளை நீட்டினாள். 'நாளைக்கு என் ஓட்டப்பந்தயத்துக்கு வரீங்களா?' என்ற கேள்விக்குக் கீழே, பாதித் தாளை அடைத்துக்கொண்டு ஒரு பச்சைப் பட்டன்: 'அடுத்த தடவை'. 'வரேன்' என்பது மூலையில், பென்சிலில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிடந்தது. ஆட்கள் தொடக்கூடாதென்று கம்பெனி நினைக்கும் பட்டனை இப்படி மங்கலாக்குவது அவன் அலுவலகத்தில் கைதட்டல் வாங்கிய வேலை.

"இத ஏம்மா இவ்ளோ பெருசா போட்ட?"

"அதிகமா அமுக்குறதப் பெருசா போடணும்னு நீங்கதானப்பா சொன்னீங்க. நீங்க எப்பவும் இதத்தான அமுக்குவீங்க? தேட வேணாம்ல, அதான்."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருப்பான். அவள் முகத்தைப் பார்க்கக் கூசி, தாளின் மேல் குனிந்து 'வரேன்' எங்கே என்று தேடினான். பைக்குள் போன் அதிர்ந்தது. கண் தாளின் மூலைக்குப் போய்ச் சேருமுன் கட்டைவிரல் பச்சையில் போய் உட்கார்ந்திருந்தது.

அதுவரை உதட்டை இறுக்கிக்கொண்டு பார்த்திருந்த ஷெரின் துள்ளிக் குதித்தாள்.

"அம்மா, நான் வரைஞ்சது வேலை செய்யுது!"