வேறு சிப்புக்கான குரல்

பிப்ரவரி 12, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. மூன்றாவது மாடி வீட்டின் முன்னறையில் புதிய சக்கர நாற்காலி இன்னும் பேசவில்லை.

நாற்காலியில் அக்கா. தரையில், ஒயர்களுக்கு நடுவே, தம்பி.

அக்காவின் பேச்சைத் தசை நோய் நான்கு வருடங்களுக்கு முன் எடுத்துக்கொண்டது. பேச்சு போவதற்குள் ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்துவிட்டாள். பேசும் மென்பொருள் தயாரிக்கிற நிறுவனத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். அந்தப் பதிவிலிருந்து அவளுடைய குரலையே அங்கிருந்தவர்கள் செய்து கொடுத்தார்கள். திரையில் எழுத்துகளைக் கண்ணால் பார்ப்பாள். கணினி அவள் குரலில் சொல்லும்.

பிறகு நிறுவனம் மூடப்பட்டது. மென்பொருளை மாற்றி எழுதத் தேவையான மூல நிரலும் அதோடு போனது. டவுன்லோடு பக்கம் மட்டும் பழைய சர்வர் ஒன்றில் யாரும் தொடாமல் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை பழைய நாற்காலியின் கணினி கருகியது. மறுவாழ்வு மையத்தில் இந்த நாற்காலியைத் தந்தார்கள். இதில் கண் கேமரா முதல் ஸ்பீக்கர் வரை எல்லாம் ஒரு சோப்புப் பெட்டி அளவுக்குள் அடக்கம். உள்ளே பழையதில் இருந்த அதே லினக்ஸ் இயங்குதளம்தான். சிப் மட்டும் வேறு வகை. சூடாகாது, பேட்டரியைத் தின்னாது.

ஐந்து மணிக்கு மகள் கூப்பிடுவாள். ஆறு வயது. அப்பாவோடு வேறு ஊரில் இருக்கிறாள். அம்மா என்றால் அவளுக்கு அந்தக் குரல்தான்.

தம்பிக்கு வேலையே சர்வர்களைப் பார்த்துக்கொள்வது. அந்த டவுன்லோடு பக்கத்திலிருந்து, தேவையான பதினான்கு மென்பொருள் பேக்கேஜ்களையும் அலுவலகத்திலேயே பென் டிரைவில் இறக்கி வந்திருந்தான். மூன்று உள்ளே போயின. எந்த சிப்பிலும் ஓடக்கூடிய மூன்று: பயனர் கையேடு, பட்டன் படங்கள், உரிம அறிவிப்பு. மற்றப் பதினொன்றையும் பெட்டி திருப்பி அனுப்பியது. சிப் வகை பொருந்தவில்லை.

எப்படிப் பேசுவது என்று விளக்கும் நாற்பது பக்கங்கள் நாற்காலிக்குள் இருந்தன. பேச்சு இல்லை.

"ஆபீஸ் கம்ப்யூட்டர் அதோட சிப்புக்கு ஏத்ததையே குடுத்திருக்கு. முறைக்காதேக்கா."

எழுத்துகள் அச்சடித்த பிளாஸ்டிக் அட்டையை எடுத்து விரலை ஓட்டினான். சரியான எழுத்து வந்ததும் அக்கா கண்ணை மேலே உயர்த்துவாள். ம. க். கு.

"நாலு நாளா வாய் இல்லை. திமிர் மட்டும் அப்படியே இருக்கு."

இந்த முறை புதிய சிப்பின் வகையைக் குறிப்பிட்டுத் தேடினான். பதினொன்றுக்கும் ஒரே பதில் வந்தது: அப்படி எதுவும் இல்லை.

அக்காவின் கண் அட்டையின் கடைசி வரிசைக்குப் போனது. இரண்டு. பூஜ்யம். ஆறு.

"மாத்திரையா? பிரஷரா?"

கண் தாழ்ந்தது. இல்லை. மறுபடியும் இரண்டு, பூஜ்யம், ஆறு.

"அப்புறம் கேட்கிறேன்கா. நேரம் ஓடுது."

அட்டையைக் கீழே வைத்தான்.

பழைய சிப்பைப் போல நடிக்கும் ஒரு மென்பொருளை இடையில் போட்டு ஓட்டிப் பார்த்தான். அக்கா ஒரு சொல்லைக் கண்ணால் எழுதினாள். மகளைக் கூப்பிடும் சொல். ஸ்பீக்கரில் அவளுடைய குரல் "கண்" என்றது. இருபது விநாடிகள் கழித்து "ணு" என்றது. பிறகு பெட்டி உறைந்து நின்றுவிட்டது. மூன்று முறை முயன்றான். மூன்று முறையும் அதுவே.

நான்கு இருபதுக்கு நிறுவனத்தின் பழைய பக்கத்துக்கே திரும்பினான். இந்த சிப்புக்கு வேறு யாராவது கேட்டிருப்பார்கள், யாராவது வழி சொல்லியிருப்பார்கள். அதன் அடியில் பயனர் கோரிக்கைகள் என்று ஒரு பகுதி இருந்தது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண்.

தரையில் கிடந்த அட்டையைப் பார்த்தான். 206 என்று அடித்தான்.

ஒன்பது வருடங்களுக்கு முந்தைய கோரிக்கை. எழுதியவர் ஒரு தகப்பன். மகனுக்கு ஏழு வயது, பேச்சு இல்லை, அவனுடைய சிறிய நாற்காலியில் சிறிய பெட்டியைத்தான் பொருத்த முடியும், அதில் உள்ள இதே வகை சிப்புக்கும் ஒரு பேக்கேஜ் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

நான்கு நிமிடத்தில் பதில் போயிருந்தது. "இவ்வகை சிப்பைப் பயன்படுத்துவோர் போதிய எண்ணிக்கையில் இல்லை. கோரிக்கை மூடப்படுகிறது."

பதினோரு மாதங்கள் கழித்து அவர் மறுபடி கேட்டிருந்தார். பதில் இல்லை. அதற்கு இரண்டு வருடங்களுக்குப் பின் அவருடைய கடைசி வரி இருந்தது.

"இனித் தேவைப்படாது. நன்றி."

கோரிக்கையை மூடியவரின் பெயருக்குப் பக்கத்தில், நகம் அளவில், ஒரு புகைப்படம். நீலச் சட்டை, கழுத்தில் அலுவலக அடையாள அட்டை, சிரிப்பு. அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் படத்தை எடுத்தது தம்பிதான்.

அவன் திரும்பினான். அக்காவின் கண் ஏற்கெனவே மேலே உயர்ந்திருந்தது.

நான்கு ஐம்பதுக்கு, பெட்டியோடு வந்த குரலை இயக்கினான். ரயில் தாமதத்தை அறிவிப்பது போன்ற ஓர் ஆண் குரல். அது ஒன்றுதான் இருந்தது.

ஐந்து மணிக்கு மகள் திரையில் வந்தாள். "கண்ணு," என்றது பெட்டி.

"மாமா, இது யாரு? அம்மாவைப் பேசச் சொல்லு."

சனிக்கிழமைகளில் வழக்கமாக அரை மணி நேரம் பேசுவார்கள். அன்றைய அழைப்பு இரண்டு நிமிடம் பதினெட்டு விநாடிகளில் முடிந்தது.